ராடரால் வண்டியின் வேகமும் இடமும் அளப்பது: சோதனை ஓட்டத்துக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடியில் எனக்கு ஒரு சின்னக் கராச் இருக்கிறது. பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்றுவது, லேண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்துக்குச் சில்லு மாற்றிப் பார்ப்பது போன்ற வேலைகள். ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் தங்கள் செயற்திட்டத்துக்காக வருவார்கள். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, பிரேக் பிடித்தால் எங்கே நிற்கிறது என்று நம்பி எழுதக்கூடிய அளவு வேண்டும், அதற்கு ராடர் சரிவருமா என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் கேட்பது. சரிவரும். ஆனால் அதை எங்கே, எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டியிலேயே வேகமானி இருக்கிறதே, ராடர் எதற்கு?

வேகமானி காட்டுவது சில்லு சுற்றும் வேகத்தை. வண்டி நிலத்தில் நகரும் வேகம் வேறு. சில்லு வழுக்காமல் உருளும்வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ரயர் தேய்ந்து விட்டம் 2 சதவீதம் குறைந்தால் மீற்றர் 2 சதவீதம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பிரேக் இறுகிச் சில்லு பூட்டிக்கொண்டால் மீற்றர் பூச்சியத்துக்கு வந்துவிடும், வண்டி இன்னும் சறுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் நமக்கு வேண்டிய எண்ணை மீற்றர் தராது.

வயலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சம்மாந்துறைப் பக்கம் ஒரு வட்டையில், தண்ணீர் கட்டி நின்ற சேற்றில், லேண்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லு சுற்றுவதை எண்ணிக் கணக்குப் போட்டோம். மணிக்கு 4.5 கிலோமீற்றர் வந்தது. வண்டி உண்மையில் நகர்ந்ததை அளந்தால் 3.2 தான். அதாவது நூற்றுக்கு 29 பங்கு சுற்று சேற்றைக் கிண்டுவதிலேயே போய்விட்டது. உறுதியான காய்ந்த மண்ணில் ட்ராக்டருக்கு 10 முதல் 15 சதவீத வழுக்கல் நல்ல அளவு என்பார்கள். சேற்றில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் எந்தச் சில்லு எவ்வளவு வழுக்குகிறது என்று தெரிந்தால்தான் டீசலை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று விவசாயியிடம் சொல்ல முடியும். நான் ராடர் பக்கம் வந்ததே இந்தக் கணக்குக்காகத்தான்.

ராடர் எப்படி வேகத்தைக் கண்டுபிடிக்கிறது?

உதயதேவி ரயில் ஏறாவூர்க் கடவையைக் கடக்கும்போது அதன் ஹோர்ன் சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். நெருங்கும்போது கீச்சென்றும், தாண்டியதும் தணிந்தும் கேட்கும். உயர்தரத்தில் படித்த தொப்ளர் விளைவு இதுதான். 1842இல் தொப்ளர் இதைச் சொன்னார். 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஓடவிட்டு உண்மைதான் என்று காட்டினார்.

ராடரில் ஒலிக்குப் பதிலாக வானொலி அலை. கருவி ஓர் அலையை அனுப்புகிறது, அது வண்டியில் பட்டுத் திரும்புகிறது, திரும்பிய அலையின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, சற்று மாறியிருக்கும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று மாற்றம் இரண்டு மடங்காகும். 24.125 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் ராடரில் மணிக்கு 1 கிலோமீற்றருக்கு 44.7 ஹேர்ட்ஸ் மாற்றம். 10.525 கிகாஹேர்ட்ஸ் ராடரில் 19.5 ஹேர்ட்ஸ். 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஆட்டோ முதலாவதில் ஏறத்தாழ 1,790 ஹேர்ட்ஸும் இரண்டாவதில் 780 ஹேர்ட்ஸும் தரும்.

இந்த எண்களை இன்னொருமுறை பாருங்கள். இரண்டும் காதுக்குக் கேட்கக்கூடிய ஒலியின் மீடிறன்கள். ராடரின் வெளியீட்டைப் பெருக்கி ஒரு ஸ்பீக்கரில் விட்டால் வண்டியின் வேகம் ஒரு சுருதியாகக் கேட்கும். கம்ப்யூட்டரின் ஒலி உள்ளீட்டிலேயே பதிவு செய்யலாம். விலைகூடிய பதிவுக்கருவி தேவையில்லை என்பதை முதன்முதலில் உணர்ந்த நாள் எனக்கு மிகுந்த சந்தோசம்.

இது பொலிஸ் வைத்திருக்கும் துவக்கு மாதிரியான சாமான்தானே?

அதே தத்துவம்தான். ஆனால் அதன் வரலாறு நம் வேலையிலிருந்து தொடங்குகிறது. 2ஆம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டலீனா விமானங்கள் தரையிறங்கும்போது சில்லுக்கால்கள் சேதமாகின. விமானம் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது என்று அளக்கவே ஜோன் பாக்கரும் பென் மிட்லொக்கும் ஒரு தொப்ளர் ராடரைச் செய்தார்கள். கனெக்டிகட் பொலிசார் அதை வீதியில் வைத்துப் பார்த்தது 1947இல். ஆகவே வேக ராடர் பிறந்ததே ஒரு வாகனச் சோதனைக்காக.

நம் ஊருக்கும் அந்த விமானத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த ஒரு கட்டலீனாதான் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு அறிவித்தது. ஐந்து நாள் கழித்து மட்டக்களப்புக் கடலில் ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

எந்தக் கருவியை வாங்கலாம்?

படிக்கிற பிள்ளைகளுக்கு எச்பி100 என்ற 10.525 கிகாஹேர்ட்ஸ் பலகை போதும். 5 வோல்ட்டில் வேலை செய்யும், விலையும் மலிவு. அதன் வெளியீடு மிகச் சிறியது. ஆயிரம் மடங்காவது பெருக்க வேண்டியிருக்கும். 24 கிகாஹேர்ட்ஸ் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, அதே வேகத்துக்கு இரண்டு மடங்குக்கு மேலான மீடிறன் மாற்றம் கிடைக்கும். ஒரேயொரு வெளியீடு மட்டும் உள்ள பலகை, வண்டி வருகிறதா போகிறதா என்று பிரித்துச் சொல்லாது. ஒன்றுக்கொன்று கால்பங்கு அலை தள்ளிய இரண்டு வெளியீடுகள் உள்ள பலகை சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. கராச்சுக்குள் வைத்துச் சோதித்தால், வண்டியே இல்லாமல் எச்பி100 மணிக்கு 5 கிலோமீற்றர் காட்டும். ரியூப் லைற்றின் 100 ஹேர்ட்ஸ் துடிப்பு அது. 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் உள்ளே வந்தால் 2.6 கிலோமீற்றர் காட்டும். பலகை பழுது என்று எறிந்துவிடாதீர்கள். லைற்றை அணைத்து, பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

வண்டி ஒரே வேகத்தில் வருகிறது, ராடர் குறைந்துகொண்டே போவதாகக் காட்டுகிறது. ஏன்?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ராடருக்குத் தெரிவது தன்னை நோக்கி வரும் வேகம் மட்டும். வண்டி நேரே ராடரை நோக்கி வராமல் பக்கத்தால் தாண்டிப் போனால், அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கிய வேகம்தான் கிடைக்கும். கோசைன் வழு என்று இதைச் சொல்கிறோம்.

வண்டி போகும் கோட்டிலிருந்து 3 மீற்றர் தள்ளி ராடரை வைத்திருக்கிறீர்கள், வண்டி சரியாக 40இல் வருகிறது என்று வையுங்கள். 30 மீற்றர் தூரத்தில் இருக்கும்போது கோணம் 6 பாகையை எட்டவில்லை, ராடர் 39.8 காட்டும். 10 மீற்றருக்கு வரும்போது 38.3. 5 மீற்றரில் 34.3. 3 மீற்றரில் கோணம் 45 பாகை ஆகி 28.3. ராடரைப் பக்கவாட்டில் தாண்டும் கணத்தில் பூச்சியம். வண்டிக்காரர் முறுக்கிய கை எடுக்கவே இல்லை, ஆனால் வரைபடத்தில் அவர் பிரேக் பிடித்தது போலிருக்கும்.

ஒருமுறை இரண்டு தம்பிமார் தங்கள் மின்சார ஆட்டோவின் பின் பிரேக் உரசுகிறது என்று முடிவுகட்டி, இரண்டு நாள் ட்ரம்மைக் கழற்றிப் பூட்டினார்கள். ட்ரம்மில் ஒரு குறையும் இல்லை. ராடர் வீதியோரம் நான்கு மீற்றர் தள்ளி நின்றது. அந்த இரண்டு நாள் உழைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

செய்ய வேண்டியது இதுதான். இயன்றவரை வண்டியின் கோட்டுக்குக் கிட்ட, ஓட்டம் முடியும் இடத்துக்கு அப்பால் பாதுகாப்பான தூரத்தில் வையுங்கள். பக்கத் தூரத்தை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். அது தெரிந்தால் கணக்கில் திருத்தலாம். எழுதாமல் விட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது.

கோசைன் வழு எப்போதும் வேகத்தைக் குறைத்தே காட்டும், கூட்டாது. வேகம் கூடிக் காட்டினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. சில்லின் மேல் விளிம்பு வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது, அதிலிருந்து வரும் எதிரொலியாக இருக்கலாம்.

அதே ராடர் வண்டி எங்கே இருக்கிறது என்றும் சொல்லுமா?

எச்பி100 போன்றது சொல்லாது. அது ஒரே மீடிறனில் தொடர்ந்து அலை விடுகிறது, அலை எப்போது புறப்பட்டது என்ற அடையாளம் அதில் இல்லை. வேகத்தைக் கணத்துக்குக் கணம் கூட்டித் தூரம் காணலாம். பிரேக் பிடிக்கும் பத்துப் பதினைந்து மீற்றருக்கு அது போதும். நீண்ட ஓட்டத்தில் வழு சேர்ந்துகொண்டே போகும். 1 சதவீத வழு 40 மீற்றரில் 40 சென்ரிமீற்றர்.

நேராகத் தூரம் வேண்டுமென்றால் மீடிறனை ஏற்றிக்கொண்டே போகும் ராடர் தேவை. அலை திரும்பி வருவதற்குள் அனுப்பும் மீடிறன் மேலே போயிருக்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூரத்தைச் சொல்லும். ஒரு மில்லிசெக்கனில் 150 மெகாஹேர்ட்ஸ் ஏறும் ராடரில், 30 மீற்றரில் நிற்கும் வண்டி 30,000 ஹேர்ட்ஸ் வித்தியாசம் தரும். 1 மீற்றருக்கு 1,000 ஹேர்ட்ஸ், மனதில் வைக்க இலகு.

அந்த 150 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்கு ஒன்றையொன்று பிரித்துப் பார்க்கும் எல்லை 1 மீற்றர். புதிய கார்களில் வரும் 77 கிகாஹேர்ட்ஸ் ராடர்களில் அகலம் 1 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் போகலாம், அப்போது எல்லை 15 சென்ரிமீற்றருக்குள் வரும். இரண்டு வாங்கிகள் வைத்து அலை வந்த கோணத்தையும் எடுத்தால் வண்டி எந்தப் பக்கம் விலகியது என்பதும் தெரியும்.

வண்டியில் எந்தப் பகுதியை ராடர் பார்க்கிறது?

சொல்ல முடியாது, அதுதான் பிரச்சினை. ஒரு கணம் விளக்கின் விளிம்பு, அடுத்த கணம் அச்சு. ஆட்டோவில் துணிக்கூரை வேறு, அதில் பட்ட அலை பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். இடம் அளக்கும்போது இந்தத் தாவலே அரை மீற்றருக்கு மேல் வரும்.

மருந்து மலிவானது. அலுமினியத் தகட்டில் மூன்று செங்கோண முக்கோணம் வெட்டி, அறையின் மூலை போல ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்துங்கள். திறந்த பக்கத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளிம்பு 10 சென்ரிமீற்றர் இருந்தாலே 24 கிகாஹேர்ட்ஸ் ராடருக்கு அது ஏறத்தாழ 2.7 சதுர மீற்றர் அளவு பெரிய இலக்காகத் தெரியும், ஒரு மனிதர் நிற்பதைவிடக் கூட. வண்டியின் முகப்பில் இறுக்கிக் கட்டுங்கள். மூலைகள் செங்கோணத்திலிருந்து விலகினால் பயன் குறைந்துவிடும், தச்சரின் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

பிரேக் சோதனையை எப்படிச் செய்வது?

இங்கே வேகமும் இடமும் சேர்ந்து வேண்டும். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றர் அமர்முடுகலில் (வேகம் குறையும் வீதம்) 40இலிருந்து நிற்க 10.3 மீற்றர். வண்டிக்காரர் 42இல் வந்திருந்தால் 11.3 மீற்றர். ரயர் மாற்றியதால் ஒரு மீற்றர் குறைந்தது என்று நீங்கள் எழுதப்போகும் முடிவு, வெறும் 2 கிலோமீற்றர் வித்தியாசமாக இருக்கலாம். பிரேக் பிடித்த கணத்தின் உண்மையான வேகம் தெரியாமல் நாடா பிடித்து அளந்த தூரத்துக்கு மதிப்பில்லை.

பல நாடுகளில் வாகனப் பரிசோதனையில் கையாளும் முறை, தொடக்க வேகத்தின் 80 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரையான பகுதியை மட்டும் எடுப்பது. 40இல் தொடங்கினால் 32இலிருந்து 4 வரை. 32இன் வர்க்கத்திலிருந்து 4இன் வர்க்கத்தைக் கழித்தால் 1,008. அதை 25.92 ஆலும், இடையில் போன தூரத்தாலும் வகுக்க வேண்டும். தூரம் 6.5 மீற்றர் என்றால் விடை 6.0, அதுதான் சராசரி அமர்முடுகல். கால் அழுத்தத் தொடங்கும் தடுமாற்றமும், நிற்கும்போது வரும் குலுக்கலும் கணக்கில் சேராது. மெதுவேகத்தில் கம்ப்யூட்டரின் ஒலி உள்ளீடு சரியாகக் கேட்காது என்ற குறையும் இதனால் நம்மைப் பாதிக்காது.

ஒரு நுணுக்கம். பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் மீடிறன் காண்கிறோம். துண்டு நீண்டால் மீடிறன் துல்லியமாகும் என்று எல்லோரும் 0.1 செக்கன், 0.2 செக்கன் என்று போவார்கள். ஆனால் 6 மீற்றர் அமர்முடுகலில் 0.1 செக்கனுக்குள் வேகம் 2 கிலோமீற்றருக்கு மேல் இறங்கிவிடும், சுருதி கலைந்து பட்டையாகிவிடும். பிரேக் சோதனைக்கு 0.05 செக்கன் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எடுங்கள். சீரான ஓட்டத்துக்கு 0.1 செக்கன் நல்லது.

பிரேக் எப்போது பிடித்தது என்று தெரிய, ஒலிப்பதிவின் இடது தடத்தில் ராடரையும் வலது தடத்தில் பிரேக் லைற் சுவிச்சையும் விடலாம். ராடர் வண்டிக்குள் இருந்தால் இது செய்யலாம். 12 வோல்ட்டை நேரே கொடுக்காதீர்கள், தடைகளால் குறைத்துக் கொடுங்கள். ராடர் வெளியே இருந்தால், பிரேக் லைற் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து, தொடக்கத்தில் ராடருக்கு முன்னால் ஒரு கைதட்டலால் இரண்டையும் பொருத்துங்கள்.

ராடரை வண்டியிலேயே பூட்டி நிலத்தைப் பார்க்க வைத்தால்?

தண்ணீர் நிற்காத வயலில் அதுதான் வழி. நிலத்துக்கு 45 பாகை சரித்துப் பூட்டினால் உண்மை வேகத்தின் 0.707 பங்கு கிடைக்கும், அதற்கேற்பப் பெருக்கலாம். பிரேக்கில் வண்டி 2 பாகை முன்னே குனிந்தால் அந்த 0.707 என்பது 0.682 ஆகிவிடும். மூன்றரை சதவீத வழு. பின்னோக்கிப் பார்க்கும் இன்னொரு ராடர் வைத்தால் அதில் 0.731 ஆகும். இரண்டின் சராசரி மீண்டும் 0.707க்கு மிகக் கிட்ட வரும். விமானங்களில் நெடுங்காலம் பாவித்த முறை இது.

தண்ணீர் நிற்கும் வயலில் வேலை செய்யுமா?

அசையாத தண்ணீர் அலைக்குக் கண்ணாடி போல. சரிவாகப் பட்ட அலை அப்பாலே தெறித்துப் போய்விடும், ராடருக்கு ஒன்றும் திரும்பாது. காற்றடித்துச் சிற்றலை எழும்பினால் எதிரொலி வரும், ஆனால் அது சிற்றலையின் வேகத்தையும் கலந்து தரும். சம்மாந்துறையில் நாங்கள் கடைசியில் ராடரை வரம்பில் வைத்து, லேண்ட்மாஸ்டரின் பின்புறத்தில் கட்டிய அலுமினிய மூலையைப் பார்க்கவிட்டோம்.

மழை வேறு விடயம். மார்கழி மழையில்கூட சில பத்து மீற்றர் தூரத்துக்கு அலை பெரிதாகக் குறையாது. ராடர் பெட்டியின் முகத்தில் தண்ணீர்ப் படலம் நின்றால்தான் கெடும். சற்றுக் குனிந்தாற்போல் வையுங்கள், வடிந்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்குப் பெட்டியை நன்றாக மூடுங்கள்.

காட்டும் எண் சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பாடசாலை ஆய்வுகூடத்தில் இசைக்கவை இருக்கும். 512 ஹேர்ட்ஸ் கவையைத் தட்டி எச்பி100 முன்னால் பிடித்தால் மணிக்கு 26.3 கிலோமீற்றர் காட்ட வேண்டும். 24.125 கிகாஹேர்ட்ஸ் ராடரில் 11.5. வேக ராடர் வைத்திருக்கும் பொலிசாரும் இப்படித்தான் கவையால் சோதிப்பது வழக்கம். ஆனால் கவை சரிபார்ப்பது மீடிறனை எண்ணும் பகுதியை மட்டும். நீங்கள் வைத்த கோணம் பிழை என்றால் கவைக்குத் தெரியாது.

ஆகவே இரண்டாவது சோதனையும் வேண்டும். நாடாவால் 100 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வண்டியைச் சீராக ஓட்டி, போன் வீடியோவில் நேரம் எடுங்கள். 10 செக்கன் என்றால் மணிக்கு 36 கிலோமீற்றர். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் போனில் ஒரு படத்துக்கு 33 சென்ரிமீற்றர் வழு வரும், நூறு மீற்றரில் அது ஒரு பொருட்டல்ல. ராடரின் சராசரி இதோடு ஒத்துவராத நாளில் நாங்கள் மேற்கொண்டு எதையும் அளப்பதில்லை.

போனிலுள்ள ஜிபிஎஸ் போதாதா?

சீரான ஓட்டத்துக்குத் திறந்த வெளியில் போதும். ஜிபிஎஸ் கருவியும் வேகத்தைத் தொப்ளர் மாற்றத்திலிருந்துதான் எடுக்கிறது. ஆனால் பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு ஒருமுறைதான் எண் தரும். 40இலிருந்து நிற்க ஆகும் நேரமே இரண்டு செக்கனுக்குக் குறைவு.

உடம்புக்குத் தீங்கா? அனுமதி வேண்டுமா?

இந்தப் பலகைகள் விடுவது சில பத்து மில்லிவாட். காதில் வைக்கும் 4ஜி போன் 200 மில்லிவாட் வரை விடும். பயம் வேண்டாம்.

வானொலி அலை விடும் கருவிகளுக்குப் பொறுப்பு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் துறையின் கடிதத்தோடு கேட்டால் வேலை இலகுவாகும்.

எங்கே வைத்து ஓட்டலாம்?

பொது வீதி வேண்டாம். கல்முனை வீதியில் விடியக்காலை ஆளில்லை என்பார்கள், ஆனால் மாடு படுத்திருக்கும், ரியூசனுக்குப் போகும் பிள்ளை சைக்கிளில் வரும். சிறுபோக அறுவடை முடிந்த வட்டைக்குள் போகும் கிறவல் பாதைகள் நேராகவும் ஆளில்லாமலும் கிடக்கும். காணிக்காரரிடமும் வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடமும் கேட்டுவிட்டு, இரண்டு முனையிலும் சிவப்புத் துணியோடு ஆள் நிறுத்துங்கள். கிறவலில் பிரேக் தூரம் தார் வீதியைவிடக் கூடும், முடிவு எழுதும்போது நிலம் எது என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

காலை ஏழு மணிக்கு முன் தொடங்குவது நல்லது. கடற்காற்று எழும்பினால் ஓரத்துப் பற்றையும் ஆவாரஞ்செடியும் ஆடத்தொடங்கும், அந்த ஆட்டமும் பதிவில் மெதுவேகமாக விழும். ஒவ்வோர் ஓட்டத்தையும் இரண்டு திசையிலும் ஓட்டுங்கள், சரிவும் காற்றும் சமனாகும். ராடரின் பின்னால் நிற்பவர் வண்டி வரும் கோட்டுக்குள் நிற்கக்கூடாது. பலகை போனால் இன்னொன்று வாங்கலாம், ஸ்டாண்டை மட்டும் அங்கே விட்டுவிட்டு எல்லோரும் வரம்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.